கிணற்றை விற்றவர்கள்

டொரான்டோவில் ஒரு ஜோக் ரொம்ப நாளாகப் புழங்குகிறது. நடுத்தெருவில் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தால் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணாதீர்கள், டாக்ஸியைக் கூப்பிடுங்கள். டாக்டர் சீக்கிரம் வந்துவிடுவார். கேட்டதும் எல்லோரும் சிரிப்பார்கள். வண்டி ஓட்டுகிறவரும் சேர்ந்து சிரிப்பார் என்பதுதான் இதில் கொஞ்சம் சங்கடம்.

இந்த ஜோக்கில் எவ்வளவு நிஜம் என்று கனடா அரசாங்கமே கணக்குப் பார்த்திருக்கிறது. அவர்களுடைய குடியேற்றத் துறை 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தலைப்பே 'கனடாவில் டாக்ஸி ஓட்டுவது யார்?' என்பதுதான். 2006 சென்சஸை வைத்துப் பார்த்ததில் நாடு முழுக்க சுமார் 50,000 டாக்ஸி டிரைவர்கள். ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். வந்தவர்களில் மருத்துவப் பட்டமோ பிஎச்.டி.யோ வைத்திருந்தவர்கள் சுமார் 200 பேர். ஆக, ஜோக்கை நம்பித் தெருவில் விழுந்தால் பிழைப்பது கஷ்டம்.

அப்பாடா, இருநூறு பேர்தானே என்று நிம்மதி அடைய வேண்டாம். டாக்ஸி என்பது ஒரே ஒரு வேலை. மிஸிஸாகாவில் கிடங்குக்குள் பெட்டி அடுக்குகிற அக்கவுன்டன்ட், ராத்திரி முழுக்க அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்திருக்கிற சிவில் இன்ஜினியர், டோனட் கடையில் காபி ஊற்றித் தருகிற பல் டாக்டரம்மா, இவர்கள் யாரும் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். இவர்களைப் பற்றி ஜோக்கும் கிடையாது. இந்த மாதிரி வேலைக்கு அங்கே 'சர்வைவல் ஜாப்' என்று பெயர். உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு வேலை. ஆறு மாதத்துக்கு என்று ஆரம்பிப்பார்கள். ஆறு வருஷம் ஆகிவிடும்.

வேலை கிடைப்பது எல்லா ஊரிலும் கஷ்டம்தான். அதைப் பற்றி நான் புலம்ப வரவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. ஒருத்தனை அவன் படிப்புக்காகவே பொறுக்கியெடுத்து 'வா' என்று கூப்பிட்டுவிட்டு, வந்து இறங்கிய பிறகு 'உன் படிப்பு இங்கே செல்லாதப்பா' என்று சொன்னால், அதற்கு என்ன பெயர்? பொய்யா, ஏமாற்றா, அல்லது வெறும் துரதிர்ஷ்டமா?

பொறுக்கியெடுப்பது என்று சும்மா சொல்லவில்லை. ஒரு காலத்தில் கனடாவுக்குப் போய்க் குடியேற நிறமும் தேசமும் முக்கியம். 1914-ல் கோமகட்டா மாரு கப்பலில் வந்த பஞ்சாபிகளை வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் தண்ணீரிலேயே நிறுத்தி வைத்து, பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிய நாடு அது. 1962-ல் இனப் பாகுபாட்டு விதிகளைப் பெருமளவு எடுத்தார்கள். 1967-ல் புள்ளி முறை வந்தது. அதன் சாராம்சம் இதுதான்: நீ எங்கிருந்து வருகிறாய் என்று கேட்க மாட்டோம், உனக்கு என்ன தெரியும் என்றுதான் கேட்போம். உலகத்தில் பல நாடுகள் பிறகு இதைக் காப்பி அடித்தன. நியாயமான யோசனை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இன்றைக்கும் அந்தக் கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் ஸ்கில்டு வொர்க்கர் திட்டத்தில் 100-க்கு 67 வாங்கினால்தான் உள்ளேயே நுழையலாம். மொழிக்கு 28, படிப்புக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12. மிச்சம் இருபது, கையில் வேலைக் கடிதம் இருக்கிறதா, அந்த ஊரில் ஒட்டிக்கொள்வாயா என்பதற்கெல்லாம். 2015-லிருந்து இதற்கு மேல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்று இன்னொரு சல்லடை வேறு. வயதுக் கணக்கைக் கவனியுங்கள். 35 வரை முழு 12. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒன்று கழியும். 47-ல் பூஜ்யம். அவர்களுக்கு வேண்டியது ஆள் மட்டும் இல்லை, ஆளின் இளமையும்.

திருச்சியில் படித்து, பத்து வருஷம் பாலமும் மேம்பாலமும் கட்டிய ஒரு இன்ஜினியரை எடுத்துக்கொள்வோம். ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறார். அவர் டிகிரி கனடிய டிகிரிக்குச் சமம்தான் என்று ஒரு நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு சர்ட்டிபிகேட் தருகிறது. 2013-லிருந்து இது கட்டாயம். வங்கியில் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஒற்றை ஆளுக்கே 14,000 டாலருக்கு மேல். குடும்பம் என்றால் இன்னும் அதிகம். வீட்டை விற்று, வண்டியை விற்று, மாமனாரிடம் கொஞ்சம் கைநீட்டி, ஒரு பிப்ரவரி மாதம் பியர்சன் விமான நிலையத்தில் போய் இறங்குகிறார்.

நூறு இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்புகிறார். பதில் இல்லை. கடைசியில் ஒரு இடத்தில் மட்டும் போனில் பேசுகிறார்கள். மிகவும் மரியாதையான குரல். "எல்லாம் நல்லா இருக்கு. கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?"

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்று நம் ஊரில் சொல்வார்கள். அதேதான். அங்கே வேலை பார்த்த அனுபவம் இருந்தால்தான் அங்கே வேலை. இதைக் கேட்டுவிட்டு அவர் நேற்று வந்து இறங்கியவர் என்பது அந்த மரியாதையான குரலுக்கு நன்றாகத் தெரியும்.

கிணற்றை விற்றவன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு கிணற்றை விற்றுவிட்டு, வாங்கியவன் வாளியோடு வந்து நின்றபோது, 'கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லையே' என்றானாம். அந்தக் கதையில் ஒரு வசதி உண்டு. அயோக்கியன் யார் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். டொரான்டோ கதையில் அப்படி ஒருத்தனைக் கைகாட்ட முடியாது.

விசா தருவது மத்திய அரசு. அது சொல்கிறது: நாங்கள் குடியேறத்தான் அனுமதித்தோம், வேலை தருகிறோம் என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. உண்மைதான். இன்ஜினியர், டாக்டர், நர்ஸ் என்று தொழில் உரிமம் தருவது மாகாணத்தின் கையில். மாகாணம் அதை அந்தந்தத் தொழில் சங்கத்திடம் கொடுத்திருக்கிறது. சங்கம் சொல்கிறது: இவரைக் கூப்பிட்டது நாங்கள் இல்லை, மக்கள் பாதுகாப்புதான் எங்கள் வேலை. அதுவும் உண்மை. கம்பெனிக்காரர் சொல்கிறார்: அரசாங்கம் யாருக்கு எத்தனை மார்க் போட்டது என்பதைப் பற்றி எனக்கென்ன, என் பணத்துக்கு எனக்குத் தெரிந்த ஆளை எடுக்கிறேன். அதையும் பொய் என்று சொல்ல முடியாது.

மூன்று பேரும் நிஜத்தைத்தான் பேசுகிறார்கள். மூன்று நிஜத்தையும் கூட்டினால் ஒரு பெரிய பொய் வருகிறது. நம்முடைய ஒழுக்க நூல்கள் எல்லாம் தனி மனிதனின் பொய்யைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கின்றன. யாருமே பொய் சொல்லாமல் ஒரு வாக்குறுதி உடைவதை என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் சரியான சொல்கூட இல்லை.

'தெரிந்துதானே போனார்? இன்டர்நெட்டில் எல்லாம் போட்டிருக்கிறதே, விசாரிக்க வேண்டாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. அதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. இன்றைக்கு அரசாங்கத்தின் வலைத்தளமே எச்சரிக்கை தருகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். படிப்புக்கு 25 மார்க் போடுவது என்பது வெறும் தகவல் இல்லை. 'இது எங்களுக்கு வேண்டும், கொண்டு வா' என்று சொல்வது. அந்த மார்க்கை நம்பித்தான் மனிதர் வீட்டை விற்றார். கடைக்காரர் தராசில் வைத்து நிறுத்து விலை சொன்ன பிறகு, 'நிறுத்தேனே தவிர வாங்குகிறேன் என்று சொல்லவில்லை' என்றால் நாம் ஒப்புக்கொள்வோமா?

சரி, எதிர்த்தரப்பையும் ஒழுங்காகக் கேட்க வேண்டும். உரிமம் என்பது வெறும் சங்கக் கெடுபிடி இல்லை. கனடாவில் இன்ஜினியர்கள் எழுதுகிற கையின் சுண்டுவிரலில் ஓர் இரும்பு மோதிரம் போட்டிருப்பார்கள். 1925-லிருந்து வருகிற சடங்கு. தப்புச் செய்தால் உயிர் போகும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வதற்கு. அந்த மோதிரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அங்கே கியூபெக் பாலத்தின் பெயரும் வந்துவிடும்.

1907 ஆகஸ்ட் 29. செயின்ட் லாரன்ஸ் நதியின் மேல் கட்டிக்கொண்டிருந்த பாலம் சாயங்கால நேரத்தில் அப்படியே மடிந்து தண்ணீரில் விழுந்தது. 75 தொழிலாளர்கள் செத்துப் போனார்கள். இரும்பு வேலையில் பேர் போன மோஹாக் பழங்குடியினர் 33 பேர் அதில். ஒரு கிராமமே துக்க வீடாயிற்று. இப்படி ஒரு சரித்திரம் உள்ள நாடு, 'எங்கேயோ கட்டினேன் என்கிறாயே, எப்படி நம்புவது?' என்று கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பாலம் ஏன் விழுந்தது என்று போய்ப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. ஆலோசகராக இருந்தவர் தியடோர் கூப்பர். அமெரிக்காவில் அந்தக் காலத்தின் மகா பெரிய பால நிபுணர்களில் ஒருவர். நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு வேலை பார்த்தார். இரும்பு மேற்கட்டுமானம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தடவைகூட அந்த இடத்துக்கு வரவில்லை. நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டினார்கள். நீட்டிய பிறகு பாலத்தின் சொந்த எடை எவ்வளவு என்று புதிதாகக் கணக்குப் போடவில்லை. கூப்பர் சொல்லிவிட்டால் மறுபேச்சு ஏது? அடிப்பக்கத்து இரும்பு வளைகிறது என்று களத்தில் இருந்த இளைஞன் நியூயார்க்குக்கே ஓடிப்போய்ச் சொன்னான். இனி பாரம் ஏற்றாதே என்று கூப்பர் தந்தியும் கொடுத்தார். தந்தி போனது பென்சில்வேனியாவில் இருந்த கம்பெனிக்கு. பாலத்துக்கு அல்ல. அன்றைக்கே விழுந்துவிட்டது.

பாலத்தைக் கவிழ்த்தது அனுபவக் குறைவு இல்லை. பெயரைப் பார்த்து மயங்கிக் கணக்கைச் சரிபார்க்காமல் விட்டது. சோதனை வேண்டாம் என்று இது சொல்லவில்லை. எதைச் சோதிக்க வேண்டும் என்று சொல்கிறது. கணக்கைச் சோதி. கையைச் சோதி. ஆள் எந்த ஊர் என்பதைச் சோதித்து என்ன தெரியப் போகிறது? 'கனடிய அனுபவம் உண்டா' என்ற கேள்வியில் சோதனையே இல்லை. சோதிப்பதற்குச் சோம்பல்பட்டு வைத்துக்கொண்ட குறுக்குவழி அது.

போகட்டும், பாலம் என்றால் உயிர் போகும். ஆனால் கனடாவில் உரிமம் தேவைப்படுகிற வேலைகள் ஐந்தில் ஒரு பங்குதான் என்கிறார்கள். மீதி நாலு பங்கு? கணக்கு எழுதுவது, கம்ப்யூட்டர், விளம்பரம், ஆபீஸ் நிர்வாகம். அங்கே என்ன பாலம் இடிந்து விழப் போகிறது? அங்கேயும் அதே கேள்விதான் கேட்கிறார்கள்.

இதை ஒருத்தர் உண்மையிலேயே சோதித்துப் பார்த்தார். ஃபிலிப் ஓரியோபோலஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர். டொரான்டோவில் விளம்பரம் வந்த வேலைகளுக்கு ஆயிரக்கணக்கில் ரெஸ்யூமே தயாரித்து அனுப்பினார். எல்லாமே கற்பனை ஆட்கள். தகுதி ஒரே தரம். பெயரையும், படித்த இடத்தையும், வேலை பார்த்த இடத்தையும் மட்டும் மாற்றி மாற்றி. முதல் முடிவுகள் 2009-ல் வந்தன. ஆங்கிலப் பெயர், கனடாவில் படிப்பு, கனடாவில் வேலை என்றால் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு இன்டர்வியூ அழைப்பு. அதே கனடியப் படிப்பும் கனடிய வேலையும் இருந்து, பெயர் மட்டும் இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயராக இருந்தால் பதினொன்று. பெயர், படிப்பு, வேலை மூன்றுமே அந்தப் பக்கம் என்றால் ஐந்து.

இதிலெல்லாம் நமக்கு ஆச்சரியம் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறு ஒரு வரி. பிரிட்டனிலிருந்து வந்த ஆள், வெளிநாட்டுப் படிப்பு, வெளிநாட்டு அனுபவம் என்று ஒரு வகை ரெஸ்யூமேயும் அனுப்பிப் பார்த்திருக்கிறார். அதற்கும் உள்ளூர்க்காரருக்கும் வித்தியாசமே இல்லை! லண்டனில் சம்பாதித்த அனுபவம் அட்லான்டிக்கைத் தாண்டும்போது கெட்டுப்போவதில்லை. சென்னையிலும் லாகூரிலும் சம்பாதித்தது மட்டும் வழியில் ஊசிப்போய்விடுகிறது. அப்படியானால் 'கனடிய அனுபவம்' என்ற சொல்லில் கனடாவும் இல்லை, அனுபவமும் இல்லை. 1962-ல் முன்வாசல் வழியாக வெளியே அனுப்பியது கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

பேராசிரியர் பிறகு ஆட்சேர்ப்பவர்களிடம் காரணம் கேட்டார். மொழிதான் பயம், பேசினால் புரியுமா என்று தெரியவில்லை என்றார்கள். நியாயமான பயம்தான். ஆனால் ரெஸ்யூமேயிலேயே மொழித் திறமையை எழுதிக் காட்டியபோதும், பெரிய பன்னாட்டுக் கம்பெனி அனுபவம் என்று போட்டபோதும், மிகச் சிறந்த கல்லூரி என்று போட்டபோதும் அழைப்பு கூடவில்லை. 2011-ல் வெளியான கட்டுரையில் இது இருக்கிறது. ஏறத்தாழ 13,000 ரெஸ்யூமேக்கள். பயத்துக்குக் காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தை நீக்கினாலும் பயம் போகவில்லை.

இவர்கள் கெட்டவர்களா என்றால், அப்படித் தோன்றவில்லை. நூறு ரெஸ்யூமே மேஜையில் கிடக்கிறது, ஐந்து பேரைக் கூப்பிட வேண்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிக்க வேண்டும். கண் தெரிந்த பெயரில் நிற்கிறது. அவ்வளவுதான். நாமும் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும்போது 'நம்ம பக்கமா?' என்று கேட்கிறவர்கள்தானே. திருக்குறளில் 51-ம் அதிகாரம் தெரிந்து தெளிதல். ஒருவனைச் சோதிக்காமல் நம்புவதும் தப்பு, நம்பி ஏற்ற பிறகு அவன்மேல் சந்தேகப்படுவதும் தப்பு, இரண்டும் தீராத துன்பம் தரும் என்று அங்கே வருகிறது. முதல் பாதியைத்தான் நாம் வழக்கமாக நினைவு வைத்துக்கொள்வோம். டொரான்டோ பிரச்னை முழுக்க இரண்டாவது பாதியில் இருக்கிறது. மார்க் போட்டு, சர்ட்டிபிகேட் பார்த்து, போலீஸ் விசாரித்து, எக்ஸ்ரே எடுத்து, எல்லாச் சோதனையும் முடித்து உள்ளே விட்ட பிறகு, முதல் நாளிலிருந்து சந்தேகம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஆறு மாதம் வேலை கிடைக்காமல் திரிந்தவருக்கு யாராவது ஒரு நல்லவர் ஆலோசனை சொல்வார். வேலை தேடுவோருக்கு உதவும் மையத்தில் இருப்பவரோ, முன்னாடியே வந்து செட்டில் ஆன சொந்தக்காரரோ. "அண்ணே, அந்த எம்.டெக்கை எடுத்திருங்க. பன்னெண்டு வருஷம்னு போடாதீங்க, நாலுன்னு போடுங்க. பயந்துருவாங்க."

பொய்ச் சர்ட்டிபிகேட் போட்டு மேலே ஏறுகிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அது பொய் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் உள்ள படிப்பை இல்லை என்று மறைத்துக் கீழே இறங்குவது? இது பொய்யா? கேட்டவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. இருபது ரூபாய்ச் சரக்கைப் பத்து ரூபாய்க்கு வாங்குகிறார். ஆகவே பாவம் இல்லை என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. பொய்யால் ஏமாறுகிறவர் எதிராளியாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? அந்த எம்.டெக்கை அழிக்கும்போது, அதற்காக ஹாஸ்டலில் கண் விழித்த இரண்டு வருஷத்தையும், தாலிக்கொடியை அடகு வைத்த அம்மாவையும் சேர்த்துத்தான் அழிக்கிறார். செய்யாதே என்று அவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வாடகை கட்டப் போகிறவர் அவர். ஆனால் ஒரு மனிதனை அவன் வாயாலேயே அவனைக் குறைத்துச் சொல்ல வைக்கிற ஏற்பாடு, அவனை அடிக்காமலே அடிக்கிறது.

அடுத்தது பெயர். நமக்குத் தமிழ்ப் பெயரில் ஏற்கெனவே ஒரு சிக்கல் உண்டு. இனிஷியலை விரித்து பாஸ்போர்ட்டில் போடும்போது அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிடும். ஆபீஸில் எல்லோரும் மரியாதையாக 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிடுவது ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அப்பாவை. இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் சிவசுப்பிரமணியம் முதலில் சிவா ஆகிறார். அதுவும் சரி, வீட்டிலேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறகு ஒரு நாள் ரெஸ்யூமேயில் ஸ்டீவ் ஆகிறார். ஸ்டீவுக்கு போன் வருகிறது. அந்த போனை எடுத்து ஹலோ சொல்கிற குரல் யாருடையது? அவர் ஜெயித்தாரா தோற்றாரா?

ஸ்கார்பரோ பக்கம் ஈழத்தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்பி வந்தவர்களும் அவர்கள் குடும்பங்களும். அவர்களிலும் வாத்தியார்கள், கணக்காளர்கள், கச்சேரி உத்தியோகத்தர்கள் என்று பலர் வந்து ரெஸ்டாரன்டில் கோப்பை கழுவினார்கள். ஆனால் அவர்களுடைய கணக்கு வேறு. அவர்களை யாரும் டிகிரியைப் பார்த்துக் கூப்பிடவில்லை. உயிருக்கு இடம் கேட்டார்கள், இடம் கிடைத்தது. அந்தக் கஷ்டம் லேசானது என்று சொல்லவில்லை. புள்ளிக் கணக்கில் வந்தவருக்கு இருக்கிற 'கூப்பிட்டீங்களே!' என்ற கேள்வி அங்கே இல்லை.

எல்லோரும் சொல்லிக்கொள்கிற ஆறுதல் ஒன்று உண்டு. 'நமக்கு ஆகாவிட்டாலும் பிள்ளைகள் நன்றாக இருப்பார்கள்.' பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பையன் அங்கேயே படித்து, அங்கேயே பெரிய வேலைக்குப் போகிறான். ஆனால் கடன் வாங்கியது அப்பாவிடம். பிள்ளை கையில் திருப்பிக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? அப்பா சந்தோஷப்படுவார், ஊரெல்லாம் போட்டோ அனுப்புவார். பாலம் கட்டத் தெரிந்த கை ஒன்று இருபது வருஷம் பெட்டி அடுக்கியது என்பது அப்படியேதான் இருக்கும்.

கை சும்மாவும் இருப்பதில்லை. மறக்கும். அறுவை சிகிச்சை செய்கிறவர் ஐந்து வருஷம் கத்தியைத் தொடாவிட்டால் ஆறாவது வருஷம் அவருக்கே பயம் வந்துவிடும். கனடாவில் வெளிநாட்டு டாக்டர்கள் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணினாலும், பயிற்சி டாக்டராகச் சேர இடம் கிடைப்பதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இடம் குறைவு. காத்திருக்கிற காலத்தில் 'சமீபத்திய அனுபவம் இல்லையே' என்ற புதுக் குறை சேர்ந்துகொள்கிறது. முதலில் தகுதி இல்லை என்று சொன்னது பொய்யாக இருந்தது. காக்க வைத்து, காக்க வைத்து, அதை நிஜமாக்கிவிட்டார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது ஒன்டாரியோவில் இவர்களில் தகுதியான சிலருக்கு மேற்பார்வையின் கீழ் 30 நாள் தற்காலிக உரிமம் தருவதாகச் சொன்னார்கள். பிப்ரவரியில் ஆகாதவர் மார்ச்சில் ஆகிவிட்டார். மாறியது அவர் இல்லை. 2024 கணக்குப்படி அதே ஒன்டாரியோவில் 25 லட்சம் பேருக்குக் குடும்ப டாக்டர் கிடையாது. அந்த டாக்டரைப் படிக்க வைத்த ஊரிலும் அவர் இல்லை. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

நாம் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், தலையைச் சொறிய வேண்டியதுதான். வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்துவிட்டு வருகிற நம் பிள்ளைகளுக்கே 2002-லிருந்து தனித் தேர்வு வைத்திருக்கிறோம். பெரும்பாலானவர்கள் தேறாத வருஷங்கள் பல. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அது தேர்வு. எழுதினால் பாஸ் ஆகலாம். 'இந்திய அனுபவம் இருக்கா?' என்று கேட்டு அனுப்பிவிடுவதில்லை.

ஒன்டாரியோ சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013-ல் அங்குள்ள மனித உரிமை ஆணையம், கனடிய அனுபவம் கட்டாயம் என்று கேட்பதே முதல் பார்வையில் பாகுபாடுதான் என்று கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2023 மே மாதம் இன்ஜினியர்கள் சங்கம் தன் விதியிலிருந்து பன்னிரண்டு மாதக் கனடிய அனுபவத்தை எடுத்துவிட்டது. 2024-ல் போட்ட சட்டம், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கம்பெனிகள் விளம்பரத்தில் அந்த வார்த்தையையே போடக் கூடாது என்கிறது. 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை. ரெஸ்யூமேயை வடிகட்டச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதையும் விளம்பரத்தில் சொல்ல வேண்டுமாம். அந்த மெஷினுக்கு ஸ்டீவும் சிவசுப்பிரமணியமும் எப்படித் தெரிவார்கள் என்பது தனிக் கதை.

இவையெல்லாம் சின்ன விஷயம் இல்லை. விளம்பரத்தில் வார்த்தை இல்லாவிட்டால் நாலு பேர் கூடுதலாகத் தைரியமாக மனுப் போடுவார்கள். அதில் ஒருத்தர் இன்டர்வியூ வரைக்கும் போவார். நம் திருச்சி இன்ஜினியர் என்றே வைத்துக்கொள்வோமே. டை கட்டிக்கொண்டு போகிறார். பாலத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், காவிரி வெள்ளத்தில் அடித்தளம் எப்படிப் போட்டோம் என்று சொல்கிறார். 'போட்டோம்' என்று சொல்லக் கூடாது, 'போட்டேன்' என்று சொல்ல வேண்டும் என்று நண்பர் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு இடத்தில் மறந்துவிடுகிறார். இருந்தாலும் எதிரில் இருப்பவர்கள் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொள்கிறார்கள். கனடிய அனுபவத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. எழுந்து கை குலுக்குகிறார்கள். கதவுப் பக்கம் போகும்போது அந்த அம்மா ஞாபகம் வந்ததுபோலக் கேட்கிறார்:

"உங்களைப் பத்தி விசாரிக்கிறதுக்கு இங்க டொரான்டோவுல உங்களோட வேலை பார்த்த ரெண்டு பேரோட போன் நம்பர் தர முடியுமா?"